வேலைக்குப் போகும் வயதில் கிட்டார்: முதல் ஆறு மாதத்துக்கான வழிகாட்டி

முப்பத்தாறாவது வயதில்தான் நான் கிட்டாரை முதன்முதலாக மடியில் வைத்தேன். பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. மேடை ஏறியதில்லை, ஏற வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய பின் கால் மணி நேரம் வாசிக்கும் பழக்கம் மட்டும் விட்டுப்போகாமல் இருக்கிறது. இந்த ஆண்டுகளில் என்னோடு தொடங்கியவர்களும் எனக்குப் பின் தொடங்கியவர்களுமாகப் பலர் இரண்டு மூன்று மாதங்களில் கிட்டாரைப் பரணில் ஏற்றிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் கை வராமல் போனதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவருடைய கிட்டாரில் தந்திகள் அழுத்த முடியாத உயரத்தில் இருந்தன. இன்னொருவருடையது எப்போதும் பைக்குள் இருந்தது. மற்றொருவருக்குச் சுருதி சேர்க்கத் தெரியாததால், சரியாக விரல் வைத்தபோதும் சரியில்லாத ஒலியே கேட்டது. விரலுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு முன்பே சரிசெய்ய வேண்டியவை இவை என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்தக் கட்டுரையும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

எந்தக் கிட்டார், எப்படிப் பார்த்து வாங்குவது

கடையில் இரண்டு வகையைக் காட்டுவார்கள். அக்கூஸ்டிக் என்று பொதுவாகச் சொல்லப்படுவது எஃகுத் தந்திகள் கொண்டது. கிளாசிக்கல் என்பது நைலான் தந்திகள் கொண்டது. பழைய நாளில் கிளாசிக்கல் கிட்டாருக்கு விலங்குக் குடலிலிருந்து செய்த தந்திகளையே கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது கிடைப்பது அரிதானபோது, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்பவர் நைலானில் தந்தி செய்ய, ஸ்பெயினின் பெருங்கலைஞர் ஆந்த்ரே செகோவியா அதை ஏற்று வாசித்தார். நைலான் விரலுக்கு மென்மையானது, ஆனால் அந்தக் கிட்டாரின் கழுத்து அகலமானது. தலைப்பக்கத்தில் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் இருக்கும். எஃகுத் தந்திக் கிட்டாரில் அது 43 அளவில்தான் இருக்கும். பாடிக்கொண்டே வாசிக்க விரும்புபவருக்கு எஃகுத் தந்தியையும், தனியாக அமர்ந்து விரல்களால் மீட்ட விரும்புபவருக்கு நைலானையும் நான் பரிந்துரைப்பேன். எஃகு என்றால் முதல் தந்தி 0.010 அங்குலத் தடிமன் உள்ள மெல்லிய தொகுப்பைக் கேட்டு வாங்குங்கள். தொடக்க மாதங்களில் அது பெரிய உதவி.

பெயரையும் பளபளப்பையும்விட முக்கியமானது தந்தியின் உயரம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை ஆங்கிலத்தில் ஃப்ரெட் என்கிறார்கள். வீணைக்காரர்கள் அதையே மெட்டு என்பார்கள். பாட்டின் மெட்டும் வாத்தியத்தின் மெட்டும் தமிழில் ஒரே சொல்லாக இருப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. ஆகவே இனி மெட்டு என்றே எழுதுகிறேன். பள்ளிப் பிள்ளைகளின் அளவுகோல் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டு சென்று, 12-ஆவது மெட்டின் மேல் நிறுத்தி, மெட்டின் உச்சிக்கும் தடித்த தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எஃகுத் தந்திக் கிட்டாரில் அது 2.5 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. 3-ஐத் தாண்டினால், அதைக் குறைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். தந்திகள் அமரும் குதிரையின் மேலுள்ள வெள்ளைத் துண்டைக் கழற்றி, அடிப்பக்கத்தைச் சீராகத் தேய்த்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

நான் வாங்கிய முதல் கிட்டார் பழையது. அந்த இடைவெளி 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. விற்றவர், பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார். ஆறு வாரங்கள் என் கையில்தான் வலுவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். பெரம்பூரில் தேவாலயப் பாடகர் குழுவுக்கு வாசித்துவந்த, ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரிடம் காட்டியபோது, அவர் எதுவும் பேசாமல் அந்த வெள்ளைத் துண்டைக் கழற்றி, உப்புத்தாளில் பத்து நிமிடம் தேய்த்து மாட்டிக் கொடுத்தார். அன்று மாலையே அதுவரை ஒலிக்காத தந்திகள் ஒலித்தன. ஒரு மனிதர் தன்னையே குறை சொல்லிக்கொண்டு ஆறு வாரங்களை இழப்பதற்கு ஒன்றரை மில்லிமீட்டர் போதும் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர் தடுமாறினால், அவரிடம் உள்ள கருவியையும் இருக்கையையும் முதலில் பார்க்கும் வழக்கம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

உட்கார்ந்து வாசித்துப் பார்க்க விடும் கடைக்கே செல்லுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் இருக்கிறது. 1842-இல் மிஸ்கித் என்ற பெயரில் தொடங்கிய கடை அது. வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவர் உடன் வந்தால், அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் எதிரே நின்று கேளுங்கள். கிட்டாரின் ஒலி முன்பக்கம் நோக்கிச் செல்வதால், எதிரே நிற்பவருக்கே அது முழுமையாகக் கேட்கும்.

பைக்கு வெளியே

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பையை மடித்து அலமாரியில் வைத்துவிடுங்கள். கிட்டார் கண்ணில் படும் இடத்தில், கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். பையின் ஜிப்பைத் திறப்பது அரை நிமிட வேலைதான் என்றாலும், களைத்துப்போன மாலையில் அந்த அரை நிமிடமே நம்மைத் தடுத்துவிடும். ஒரு தாங்கியோ சுவரில் மாட்டும் கொக்கியோ வாங்குவது, வகுப்புக்குக் கட்டும் ஒரு மாதக் கட்டணத்தைவிட அதிகப் பயன் தரும் செலவு.

மரத்துக்கு உகந்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். நம் கடற்கரை ஊர்களில் அதற்கு வாய்ப்பில்லை. ஆனால் மரம் பெரிதும் கெடுவது ஈரத்தின் அளவால் மட்டுமல்ல, அது திடீரென மாறுவதாலும்தான். ஆகவே குளிர்சாதனப் பெட்டிக்கு நேர் எதிரிலும், சன்னல் வெயிலிலும், சமையலறையை ஒட்டிய சுவரிலும் வைக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச்செல்லவே கூடாது. ஆறு தந்திகளும் சேர்ந்து 60 முதல் 75 கிலோ எடைக்கு நிகரான விசையோடு குதிரையை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதைப் பிடித்திருப்பது பசை மட்டுமே, அந்தப் பசை வெப்பத்தில் இளகிவிடும்.

சுருதி சேர்ப்பது

இதை முதல் பாடமாக வையுங்கள். முதல் வாரம் முழுவதும் இதையே செய்தாலும் வீணில்லை. தடித்த தந்தி ஆறாவது, மெல்லியது முதலாவது. ஆறாவதிலிருந்து வரிசையாக, மேலை இசையின் சுரப் பெயர்களில், ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. அதிர்வெண்ணாகச் சொன்னால் 82.4, 110, 146.8, 196, 246.9, 329.6 ஹெர்ட்ஸ். தலைப்பக்கத்தில் கவ்விக்கொண்டு சுருதியைக் காட்டும் சிறிய ட்யூனர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அது மரத்தின் அதிர்வைப் படிப்பதால், பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடினாலும் குழம்பாது. கைப்பேசிச் செயலியும் போதுமானதே, ஆனால் அதற்கு அமைதி வேண்டும். சுருதி எப்போதும் கீழிருந்து மேலே ஏற வேண்டும். தந்தி அதிகமாக ஏறிவிட்டால், தேவையான அளவுக்குக் கீழே இறக்கி, மறுபடியும் ஏற்றிச் சேருங்கள். இறக்கிய நிலையிலேயே விட்டால், திருகியின் பல்லில் உள்ள தளர்ச்சி காரணமாகச் சிறிது நேரத்தில் சுருதி இறங்கிவிடும்.

ட்யூனரில் சேர்த்த பின், காதாலும் ஒருமுறை சோதிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது தந்தியின் 5-ஆவது மெட்டும் திறந்த, அதாவது எங்கும் அழுத்தாமல் மீட்டும், ஐந்தாவது தந்தியும் ஒரே சுரம். ஐந்தாவதின் 5-ஆவது மெட்டு நான்காவதுக்கும், நான்காவதின் 5-ஆவது மெட்டு மூன்றாவதுக்கும் சமம். மூன்றாவதில் மட்டும் 4-ஆவது மெட்டு இரண்டாவதுக்குச் சமம். இரண்டாவதில் மறுபடியும் 5-ஆவது. இரண்டையும் சேர்த்து மீட்டினால், சுருதி சற்றே விலகியிருக்கும்போது ஒலி துடிப்பது போல அலையடிக்கும். நொடிக்கு இரண்டு அலை என்றால் இரண்டு ஹெர்ட்ஸ் விலகல். திருகத் திருக அலை மெதுவாகி, நீண்டு, கடைசியில் அடங்கிவிடும். அந்த அடங்கும் கணத்தைக் கேட்பதற்காக மட்டுமே நான் சில இரவுகளில் கிட்டாரை எடுத்திருக்கிறேன்.

தம்புராவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கே ஒரு சங்கடம் வரும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தம்புராவின் மிகத் தாழ்ந்த மந்தரத் தந்தியிலிருந்து அந்தர காந்தாரம், அதாவது ‘க’ சுரம், தானாகவே எழுகிறது. ஆதார சுரமான சட்ஜத்தின் அதிர்வெண்ணைப் போல ஒன்றேகால் மடங்கு என்ற தூய கணக்கில் அமைந்தது அது. கிட்டாரின் மெட்டுகளோ ஒரு ஸ்தாயியை, அதாவது ஒரு சட்ஜத்திலிருந்து அடுத்த சட்ஜம் வரையுள்ள தூரத்தை, பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்துப் பதிக்கப்பட்டவை. அதனால் கிட்டாரின் காந்தாரம் தம்புராவின் காந்தாரத்தைவிட, அரைச் சுரத்தில் (ஒரு மெட்டுத் தூரத்தில்) ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு உயர்ந்திருக்கும். எனக்கு அது உறுத்தியது. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைப்பதைக் கார்ட் என்பார்கள். ஜி மேஜர் என்ற கார்டில் திறந்த இரண்டாவது தந்திதான் காந்தாரம் என்பதால், அதை மட்டும் கொஞ்சம் இறக்கிவைத்துக்கொண்டேன். ஜி அவ்வளவு இனிமையாக ஒலித்தது. ஆனால் ஈ மைனருக்குப் போனபோது, அதே தந்தி அங்கே பஞ்சமமாக (‘ப’) இருப்பதால், அந்தக் கார்ட் முழுவதும் சோர்ந்துவிட்டது. ஒரு மாதம் இப்படி இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்த பிறகுதான், பன்னிரண்டு சுரங்களும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருப்பதால்தான் எந்தச் சுரத்தையும் ஆதாரமாக வைத்து வாசிக்க முடிகிறது என்பது விளங்கியது. அந்தச் சமயத்தில் அம்மா யார் வீட்டில் இருப்பது என்று அண்ணனுக்கும் எனக்கும் இடையே ஒரு மனத்தாங்கல் நீடித்துக்கொண்டிருந்தது. நான் சரி என்று நினைத்த ஏற்பாடு என் வீட்டுக்கு மட்டுமே இனிமையாக இருந்தது என்பதை அந்த இரண்டாவது தந்தியைத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் உணர்ந்தேன். ட்யூனர் காட்டுவதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே நடைமுறைக்கான அறிவுரை. சில வாரங்களில் காது அதற்கு இசைந்துவிடும்.

அமர்வதும் அழுத்துவதும்

கைப்பிடி இல்லாத நாற்காலியில் அமர்ந்து, கிட்டாரின் இடுப்பை வலது தொடையில் பொருத்துங்கள். கழுத்து தரைக்கு இணையாக இல்லாமல் சற்றே மேல்நோக்கி இருக்கட்டும். இடது கட்டைவிரல் கழுத்தின் பின்புறம் ஆதரவாக நிற்க, மற்ற விரல்கள் நுனியால் தந்தியைத் தொட வேண்டும். இடது கை நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மெட்டின் மேல் அழுத்தக் கூடாது, இரு மெட்டுகளுக்கு நடுவிலும் அழுத்தக் கூடாது. ஒலியெழுப்ப வேண்டிய மெட்டுக்குத் தலைப்பக்கமாக, அதை ஒட்டி அழுத்துங்கள். அங்கே பாதி விசை போதும்.

எவ்வளவு விசை தேவை என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. விரலைத் தந்தியின் மேல் வெறுமனே வைத்து மீட்டுங்கள், மொத்தென்று ஒலிக்கும். மீட்டிக்கொண்டே மெல்ல மெல்ல அழுத்துங்கள். முதலில் கரகரப்பும் பிறகு தெளிந்த ஒலியும் வரும். தெளிந்த அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். புதியவர்கள் அதைப் போல மூன்று மடங்கு அழுத்துகிறார்கள், அதனாலேயே களைத்துப்போகிறார்கள்.

விரல் நுனி வலிக்கும். மூன்று நான்கு வாரங்களில் தோல் கெட்டிப்பட்டு வலி போய்விடும். குளித்த உடனேயோ பாத்திரம் துலக்கிய உடனேயோ வாசிக்க வேண்டாம். ஈரத்தில் ஊறிய தோலில் தந்தி ஆழமாக வெட்டும். நுனி வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் வலியோ விரல்களில் மரத்துப்போகும் உணர்வோ வந்தால், அன்றைக்கு நிறுத்திவிட்டு, அமரும் முறையைச் சரிபார்க்க வேண்டும்.

முதல் கார்ட்கள்

பெரும்பாலான பாடங்கள் ஒரே நாளில் ஏழெட்டுக் கார்ட்களைக் காட்டிவிடுகின்றன. நான் இரண்டில் தொடங்கச் சொல்வேன்: ஏ மைனர், சி மேஜர். ஏ மைனருக்கு ஆள்காட்டி விரல் இரண்டாவது தந்தியின் 1-ஆவது மெட்டிலும், நடுவிரல் நான்காவது தந்தியின் 2-ஆவது மெட்டிலும், மோதிர விரல் மூன்றாவது தந்தியின் 2-ஆவது மெட்டிலும் இருக்க வேண்டும். ஐந்தாவது தந்தியிலிருந்து கீழ்நோக்கி மீட்டுங்கள். இப்போது மோதிர விரலை மட்டும் எடுத்து ஐந்தாவது தந்தியின் 3-ஆவது மெட்டுக்குக் கொண்டுபோனால், அது சி மேஜர். மற்ற இரண்டு விரல்களும் இம்மியும் அசையத் தேவையில்லை. ஒரு விரல் நகர்ந்ததில் ஒலியின் மனநிலையே மாறிவிடுவதை முதல் நாளில் கேட்பவர் இரண்டாம் நாளும் கிட்டாரை எடுப்பார்.

இரண்டு வாரங்கள் கழித்து ஈ மைனரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஐந்தாவது, நான்காவது தந்திகளின் 2-ஆவது மெட்டில் இரண்டு விரல்கள், அவ்வளவுதான், ஆறு தந்திகளையும் மீட்டலாம். அடுத்து ஜி, அதற்கடுத்து டி. ஒவ்வொரு புதிய கார்டையும் முன்பே தெரிந்த ஒன்றோடு சேர்த்து, அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்கும் மாறும் இணையாகவே பழகுங்கள். ஒரு நிமிடத்துக்குக் கடிகாரம் வைத்து, எத்தனை முறை தெளிவாக மாற முடிகிறது என்று எண்ணி, நாட்காட்டியில் குறித்துவாருங்கள். முதலில் பத்து வரும். முப்பதைத் தொட்டால் மெதுவான பாட்டு ஒன்றுக்கு வாசிக்க முடியும். கார்டைப் பிடிக்கத் தெரிவதும் கார்டுக்கு மாறத் தெரிவதும் வெவ்வேறு திறமைகள். பாட்டுக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

எஃப் மேஜரைப் பற்றி எல்லாரும் பயமுறுத்துவார்கள். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு தந்திகளையும் அழுத்த வேண்டிய கார்ட் அது. நான்காம் மாதம் வரை அதைத் தொடாதீர்கள். தொடும்போதும் முதலில் 5-ஆவது மெட்டில் வைத்துப் பழகி, அங்கிருந்து ஒவ்வொரு மெட்டாகத் தலைப்பக்கம் நோக்கி நகருங்கள். 1-ஆவது மெட்டருகே தந்தி விறைப்பாக இருப்பதால் அங்கேதான் மிகக் கடினம்.

வலது கை

இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பதால் வலது கையை மறந்துவிடுகிறோம், ஆனால் கேட்பவருக்கு முதலில் எட்டுவது தாளம்தான். நான்கு எண்ணிக்கைக்கு முன்கை ஊசல் போலக் கீழும் மேலுமாக ஓய்வின்றிச் சென்றுவர வேண்டும். எண்ணில் கீழே, எண்ணுக்கு இடையில் மேலே. சில இடங்களில் பிளெக்ட்ரம் (மீட்டப் பயன்படும் சிறு தகடு) தந்தியைத் தொடாமல் வெறுமனே கடந்து செல்லும். கீழ், கீழ் மேல், பிறகு மேல் கீழ் மேல் என்ற வடிவம் எண்ணற்ற பாடல்களுக்குப் பொருந்தும். மூன்றாம் எண்ணில் கை கீழே போகும், ஆனால் தந்தியைத் தொடாது. கார்ட் மாற்றும்போது இடது கை தாமதித்தாலும் வலது கையை நிறுத்தாதீர்கள். தவறான சுரம் ஒன்று கடந்துபோய்விடும். தாளம் நின்றால் பாடுபவரும் நின்றுவிடுவார். ஆறு எண்ணிக்கையில் ஓடும் திஸ்ர நடைப் பாடல்கள் நம் திரையிசையில் நிறைய இருப்பதால், அந்த நடையையும் இரண்டாம் மாதத்திலேயே பழகிவிடுவது நல்லது.

ஒரே தந்தியில் சரளி வரிசை

கர்நாடக இசையின் அடிப்படைப் பாடத்தைக் கிட்டாரில் வாசிக்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானாகத்தான் கண்டுகொண்டேன். நான்காவது தந்தியைத் திறந்து மீட்டுவதைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு, 1, 4, 5, 7, 8, 11, 12 ஆகிய மெட்டுகளில் ஏறினால் மாயாமாளவகௌளை ராகம் கிடைத்துவிடும். அடிப்படைப் பாடமான சரளி வரிசையை அதில் மூன்று காலங்களிலும் (வேகங்களிலும்) வாசியுங்கள். கழுத்து முழுவதும் கை நகரும் அச்சம் இதனாலேயே போய்விடும். 2, 4, 5, 7, 9, 11, 12 என்றால் சங்கராபரணம். மேலை இசையில் மேஜர் என்பது இதே சுர வரிசைதான். 2, 4, 7, 9, 12 மோகனம். தலைப்பக்கத்தில் மெட்டுகள் அகன்றும் மேலே போகப் போக நெருங்கியும் இருப்பதைக் கை தானாகவே கற்றுக்கொள்ளும்: 650 மில்லிமீட்டர் தந்தியில் முதல் மெட்டு 36 மில்லிமீட்டர் தள்ளியிருக்க, 11-க்கும் 12-க்கும் இடையில் 19 மட்டுமே இருக்கும்.

உலகெங்கும் கிட்டார் கற்பவர்கள் முதலில் பழகும் ஐந்து சுர வரிசை ஒன்று உண்டு: 3, 5, 7, 10, 12. மைனர் பென்டடானிக் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை மேலும் கீழுமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, சிறு வயதில் வீணை கற்ற கீழ் வீட்டுப் பாட்டி கதவருகே வந்து நின்று கேட்டார். “சுத்த தன்யாசி மாதிரின்னா இருக்கு. ஆனா சுரமெல்லாம் நட்டு வெச்ச கம்பம் மாதிரி நிக்கறதே, அந்தக் காந்தாரத்தைக் கொஞ்சம் அசைச்சுப் பாரேன்பா” என்றார். 3-ஆவது மெட்டில் விரலை ஊன்றி, தந்தியைப் பக்கவாட்டில் சற்றே தள்ளித் தளர்த்தி, மறுபடியும் தள்ளினேன். பாட்டி தலையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்த ஒரு சொல்லில் நான் பெற்றதை எந்தக் காணொளியிலும் பெற்றதில்லை. இப்படிச் சுரத்தை அசைக்கும் கமகம் கிட்டாரில் எவ்வளவு தூரம் செல்லும் என்று அறிய விரும்புபவர்கள், கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னாவின் கச்சேரிப் பதிவுகளைக் கேட்கலாம். நம் போன்றவர்களுக்கு ஒரு சுரத்தை ஒரு நாள் அசைத்துப் பார்ப்பதே போதுமான வேலை.

பாடுபவரின் கட்டைக்கு ஏற்ப

மூன்றாம் மாதத்திலாவது வீட்டில் ஒருவரைப் பாடச்சொல்லி உடன் வாசியுங்கள். தனியாக வாசிக்கும்போது, கடினமான இடத்தில் நம்மையறியாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்வோம். பாடுபவர் அப்படிக் குறைக்கமாட்டார் என்பதால் நம் குறை உடனே தெரிந்துவிடும். அதற்குக் கேப்போ என்ற சிறு கவ்வி தேவை. கழுத்தில் அதைப் பொருத்தினால் ஆறு தந்திகளின் சுருதியும் ஒரே அளவில் ஏறும். விரல் வடிவங்கள் மாறாது.

நம் ஊரில் பாடுபவர் தன் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வார். ஒரு கட்டை என்பது சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. சி மேஜர் வடிவங்களில் வாசிக்கும் பாட்டை ஒன்றரைக் கட்டைக்கு மாற்ற 1-ஆவது மெட்டிலும், இரண்டு கட்டைக்கு மாற்ற 2-ஆவது மெட்டிலும் கேப்போவைப் பொருத்துங்கள். ஐந்து கட்டைக்கு ஜி வடிவங்கள் கேப்போ இல்லாமலே பொருந்தும். ஐந்தரைக்கு 1-ஆவது மெட்டு, ஆறுக்கு 2-ஆவது. என் மனைவிக்கு ஐந்தரை. எங்கள் கிட்டாரின் கழுத்தில் 1-ஆவது மெட்டருகே கேப்போவின் தடம் நிரந்தரமாகப் பதிந்துவிட்டது.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, நீங்கள் மிகவும் நேசிக்கும் பாட்டை முதலில் எடுக்காதீர்கள். அதன் மூலப் பதிவு மனத்தில் ஆழமாகப் பதிந்திருப்பதால், நம் வாசிப்பு ஒவ்வொரு கணமும் அதனோடு ஒப்பிடப்பட்டுத் தாழ்ந்துபோகும். பிடித்த, ஆனால் உயிராக நினைக்காத, மூன்று கார்டில் அடங்கும் பாட்டு ஒன்றே முதல் பாட்டுக்கு ஏற்றது.

எப்போது, எவ்வளவு நேரம்

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட நாள்தோறும் பதினைந்து நிமிடம் வாசிப்பது நல்லது. நேரத்தைக் கடிகாரத்தோடு இணைக்காமல் வேறொரு வேலையோடு இணையுங்கள்: குக்கர் வைத்த பின், அல்லது பிள்ளைகள் படுத்த பின். முதல் மூன்று நிமிடம் சுருதி, அடுத்த ஐந்து நிமிடம் கார்ட் மாற்றம், மீதி பாட்டு. இரவு பத்து மணிக்கு மேல் வாசிப்பவர்கள், சிறிய கைக்குட்டை ஒன்றை மடித்துக் குதிரைக்கு அருகே தந்திகளுக்கு அடியில் செருகிக்கொண்டால் ஒலி அடங்கிவிடும். விரல் பயிற்சிக்கு எந்தக் குறையும் வராது, சுவருக்கு அப்பால் உறங்குபவருக்கும் தொல்லை இருக்காது.

அப்பா மருத்துவமனையில் இருந்த மாதத்தில் நான் ஏழு நாட்கள்தான் வாசித்தேன். அப்போதெல்லாம் பாட்டு எதுவும் மனத்தில் வரவில்லை. சுருதியைச் சேர்த்து, ஏ மைனரை ஒருமுறை மீட்டி, அந்த ஒலி முழுவதும் அடங்கும்வரை காத்திருந்துவிட்டுப் படுத்தேன். அந்த நாட்களையும் நாட்காட்டியில் குறித்திருக்கிறேன்.

தந்தி மாற்றும் நாள்

நான் இருப்பது திருவான்மியூரில். உப்புக் காற்றில் எஃகுத் தந்தி மூன்று மாதம் தாங்கினால் அதிகம். உள்நாட்டு ஊர்களில் ஐந்தாறு மாதம் வரை போகும். தடவினால் சொரசொரப்பாக இருப்பதும், சேர்த்த சுருதி நிற்காததும், ஒலியில் மினுக்கம் குறைவதும் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டதற்கான அறிகுறிகள். ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் தந்திகளைத் துடைத்துவைத்தால் சில வாரங்கள் கூடுதலாகக் கிடைக்கும்.

மாற்றும்போது முதலில் தந்தியை முழுவதுமாகத் தளர்த்துங்கள். விறைப்பாக இருக்கும்போது வெட்டினால் கண்ணை நோக்கித் தெறிக்கும். குதிரையிலுள்ள முளையை நேராக இழுத்தெடுத்து, புதிய தந்தியின் உருண்டை முனையை உள்ளே விட்டு, முளையைப் பொருத்தி, தந்தியை மேலே இழுத்து அது உள்ளே சிக்கி நிற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். தலைப்பக்கத்தில் திருகியைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று வரும் அளவுக்குத் தளர்வு விட்டு முறுக்கி, மீதியை வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டுகளை அப்போதைக்கப்போது ஒரு காலி டப்பாவில் போடுங்கள். வெறுங்காலோடு நடக்கும் வீட்டில் அந்த ஊசி முனைகள் வாரக்கணக்கில் காத்திருந்து குத்தும்.

பிறகு ஒவ்வொரு தந்தியையும் நடுவில் பிடித்து மெதுவாக மேலே இழுத்துவிட்டு, சுருதி சேர்த்து, மறுபடியும் இழுத்து, மறுபடியும் சேருங்கள். மூன்று முறை செய்தாலும் மறுநாள் காலையில் அரைச் சுரம் இறங்கியிருக்கும். அது தந்தியின் குறையோ உங்கள் குறையோ அல்ல. அன்றும் சேர்த்து, மாலையிலும் சேர்த்து வாசியுங்கள். மூன்றாம் நாள் மாலையில் ட்யூனரைக் கவ்வவைத்துப் பார்க்கும்போது ஆறு தந்திகளும் வைத்த இடத்தில் நின்றிருக்கும்.